ஊர்திக்கு ஓர் ஊருணி

பழம்பொருளைப் பேணுவோர் இருவகையர். ஒரு சாரார் அதனைத் தொடாது வைத்துத் தூசி துடைப்பர்; மற்றொரு சாரார் அதனைப் பயன்கொண்டு, பழுது நேர்ந்தவிடத்துத் திருத்திக் காப்பர். பள்ளத்தூரிலுள்ள எமது இல்லத்தில், பழைய மோட்டார் வண்டியொன்றன் பொருட்டு, இவ்விரு கொள்கைகளும் ஒரு திங்களளவும் தம்முட் பொருதன. அவ்வழக்கு இறுதியில் ஒரு சிறு நீர்க்கலத்தால் தீர்ந்தது. அதனை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வண்டி எம் பாட்டனார் 1964-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசடர். மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டு என்னும் ஆங்கில வண்டியைத் தழுவி, வங்காளத்து உத்தரபாராவில் உருவான இவ்வகை வண்டிகளின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. எம் தந்தையார் பிறந்த பத்தாம் நாள் அவரை இல்லத்திற்குக் கொணர்ந்ததும் இவ்வண்டியே. பல ஆண்டுகள் கழிந்து, எம் பாட்டனாரைக் கடைசி முறையாக மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும் இவ்வண்டியே. ஆகலின், எம் அப்பத்தாவிற்கு அது வண்டியன்று, வீட்டிலுள்ளாருள் ஒருவரே.

சென்ற ஆண்டு சித்திரைத் திங்களில், அப்பத்தாவிற்குக் கண்புரை நீக்கும் பொருட்டு, அவ்வண்டியிலே யாமும் எம் தம்பியும் அவரைத் திருச்சிராப்பள்ளிக்கு அழைத்துச் சென்றோம். கானாடுகாத்தான் வழியாகத் திருமயத்தைக் கடந்து சிறிது தொலைவு செல்வதற்குள், வண்டியின் முகப்பினின்றும் வெண்புகை போல நீராவி எழுந்தது. வண்டியை நிறுத்தினோம். எம் தம்பி, ‘தண்ணீர் ஊற்றினாற் சரியாகிவிடும்’ என்று, ஈரத்துண்டொன்றைக் கையிற் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரின் மூடியைத் திருகினான். யாம் தடுப்பதற்குள், கொதிநீர் சீறி எழுந்து அவன் முன்கையை வேக வைத்தது. அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் ஓடிவந்து, தாம் குடிக்க வைத்திருந்த குடத்து நீர் முழுதையும் அவன் கைமேல் வார்த்தார். அப்பத்தா புளியமரத்து நிழலில் இரண்டு மணி நேரம் வாய் திறவாது அமர்ந்திருந்தார். பின்னர் வேறொரு வண்டி அமர்த்திக்கொண்டு சென்றோம்.

தம்பியின் கையிலிருந்த கட்டைக் கண்ட எம் தந்தையார், ‘இவ்வண்டி இனி நமக்கு வேண்டா, விற்றுவிடுவோம்’ என்றார். பழைய வண்டிகளைத் தேடி வாங்குவார் ஒருவர் வந்து பார்த்து, விலையும் பேசிச் சென்றார். அப்பத்தா மறுத்துரைக்கவில்லை. ‘கொட்டகை விளக்கை இன்றைக்கு அணைக்க வேண்டா’ என்று மட்டும் கூறினார். அச்சொல் எம்மை உறங்க விடவில்லை.

மறுநாள், குற்றம் யாதென ஆராயத் தொடங்கினோம். அது வண்டியினது அன்று, எம்முடையதே. எம் வீட்டுக் கிணற்று நீர் சுண்ணம் மிக்கது. அதனையே ஆண்டாண்டாக ரேடியேட்டரில் ஊற்றி வந்தோம். வெந்நீர் காய்ச்சும் அண்டாவின் அடியிற் படிவது போன்ற வெண்படிவு, ரேடியேட்டரின் நுண்குழாய்களில் இறுகி அடைத்திருந்தது. இஃது ஒன்று. மற்றொன்று, எவர் கண்ணுக்கும் படாது நிகழ்ந்து வந்த இழப்பு.

நீர் வெப்பமுற்றாற் பெருகும் என்பது நாம் பள்ளியிற் கற்றதே. 30 டிகிரி வெப்பத்திலுள்ள நீர் 95 டிகிரியை எய்தும்பொழுது, நூற்றுக்கு மூன்றரைப் பங்கு பெருகுகின்றது. வண்டியொன்றில் எட்டு லிட்டர் நீர் இருப்பின், கால் லிட்டருக்கும் மேற்பட்ட நீர் இடமின்றித் தவிக்கும். அக்காலத்து வண்டிகள் பலவற்றில், அந்நீர் ரேடியேட்டரின் கழுத்திலுள்ள சிறு குழாய் வழியே சாலையிற் சிந்திவிடும். எஞ்சின் குளிர்ந்தபின் உள்ளிருக்கும் நீர் சுருங்க, போன நீருக்கு ஈடாகக் காற்று உட்புகும். அதனாற் பழைய வண்டிகளில் மேலே சிறிது இடம் விட்டே நீர் நிரப்புவர். எம் வீட்டிலோ, நாள்தோறும் விளிம்பளவும் ஊற்றுவதும், அது நாள்தோறும் சிந்துவதும், ஊற்ற மறந்த நாளில் வண்டி கொதிப்பதும் வழக்கமாயின.

காற்றுப் புகுதலால் வேறொரு கேடும் உண்டு. அதிலுள்ள பிராணவாயு நீரிற் கலந்து இரும்பைத் துருவேற்றும். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எமதூருக்கு அணித்தாகிய காரைக்குடியிலேயே உள்ளது. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் கொண்டு, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது அது. அத்தகைய நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எம் கொட்டகையிலே துருவை யாமே வளர்த்து வந்தோம்!

இனி, தம்பியின் கை வெந்த காரணத்தையும் கூறுதல் வேண்டும். ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. அதனுள் வில்லொன்று அமைந்து, நீரை ஓரளவு அழுத்தத்தில் வைத்திருக்கும். சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் மிகுமாயின், நீர் 100 டிகிரியிற் கொதியாது ஏறக்குறைய 111 டிகிரியிலேதான் கொதிக்கும். அந்நிலையில் மூடியைத் திறப்பின், அழுத்தம் நொடியில் அகல, உள்ளிருக்கும் நீரில் ஒரு பகுதி அப்பொழுதே ஆவியாகிப் பீறிடும். ஆதலின், வண்டி எவ்வளவு அவசரத்தில் நின்றாலும், கையால் தொட்டுப் பொறுக்குமளவும் அது ஆறாமுன் மூடியைத் தொடுதல் ஆகாது. மாணவ நண்பர்கள் இக்கட்டுரையில் மற்றெல்லாவற்றையும் மறப்பினும் இதனை மறவாதிருப்பாராக.

நிற்க. சிந்தும் நீரை ஒரு கலத்திற் பிடித்து, எஞ்சின் குளிர்ந்தவுடன் மீண்டும் உள்ளே செலுத்துவதே பரிகாரம். பிற்கால வண்டிகளில் இக்கலம் உடன்பிறந்ததாகவே வருகின்றது. அஃது இருவகைப்படும். ஒன்று அழுத்தத்தைத் தானும் தாங்கி நிற்பது. மற்றொன்று மூடிக்கு அப்பால், அழுத்தமின்றி வெளியே நிற்பது. பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்றுகளுக்கு ஊறு செய்யாத இரண்டாவதே எமக்கு ஏற்றதெனக் கொண்டோம். ஆனால் எம் தந்தையார், ‘விற்பதானாலும் ஐயா வைத்தபடியே விற்போம், அதில் ஓர் ஓட்டையும் போடக் கூடாது’ என்றார். அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. ஆகவே, தகட்டிற் புதுத்துளை ஒன்றும் இடுவதில்லை என்று வாக்களித்தோம்.

காரைக்குடியில் முதிய மெக்கானிக் ஒருவர் உளர். அவர் ரேடியேட்டரைக் கழற்றிப் படிவு நீக்கித் தந்தார். பிறகு, வேறொரு வண்டியினின்றும் கழற்றிய நெகிழிக்கலம் ஒன்றைத் தேடியெடுத்து, முன்னரே இருந்த திருகாணி ஒன்றில் தகட்டுப்பட்டையை மாட்டி, அதிற் கலத்தை இருத்தினார். ரேடியேட்டரின் கழுத்துக் குழாயிலிருந்து ரப்பர்க் குழாயொன்று கலத்தின் அடிமட்டும் இறங்கிற்று. கலத்தின் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை. குளிர்ந்த நிலையிற் பாதியளவு நீர். வேலை அவ்வளவே.

ஆயினும் முதல் முயற்சி தோற்றது. கோட்டையூர் வரை ஓட்டி மீண்டோம். கலத்தில் நீர் ஏறியிருந்தது. விடியற்காலை பார்த்தபொழுது, ஏறிய நீர் ஏறியபடியே நின்றது; ரேடியேட்டரிலோ நாலு விரற்கடை குறைந்திருந்தது. சென்ற நீர் மீளவில்லை! எம் தந்தையார் ஒன்றும் கூறாது முறுவலித்தார். மெக்கானிக் எம் பழைய மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்து, ‘தம்பி, தண்ணீர் வருவதற்குமுன் காற்று வந்துவிடுகிறது’ என்றார். அம்மூடியின் கீழ்ப்புறத்தில் மட்டுமே ரப்பர் வளையம் இருந்தது. மேல்விளிம்பிற் காற்றை மறிக்க ஒன்றும் இல்லை. உள்ளே நீர் சுருங்கி இழுக்குங்கால், கலத்திலுள்ள நீரினும் எளிதாகக் காற்று அவ்விளிம்பின் வழியே நுழைந்துவிட்டது. மேலும் கீழும் ரப்பர் வளையமும், நடுவில் உள்நோக்கித் திறக்கும் சிறு வால்வும் உடைய மூடியொன்றை, பழைய அழுத்த அளவு மாறாது, அமைத்தார். ரேடியேட்டரை விளிம்பளவும் நிரப்பினோம். மறுநாள், கலத்தில் யாம் கீறியிருந்த கோட்டிற்கே நீர் வந்து நின்றது.

இனி, எந்நீரை ஊற்றுவது? கடையில் விற்கும் கூலண்டுத் திரவத்தைச் சரிபாதி கலந்தோம். அது கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கும். ஆனால் அதிற் பெரும்பாலும் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. அது சாலையிற் சிந்தினால் ஆடும் நாயும் நக்கி மாளும். அது சிந்தாதிருத்தற்கும் இக்கலமே காவல். மற்றப் பாதிக்கு, சுண்ணம் கலவாத மழைநீரை எடுத்தோம். செட்டிநாட்டு வீடுகளிற் கூரைநீர் முற்றத்தில் இறங்குவதும், அதனை அண்டாக்களிற் பிடித்து வைப்பதும் அன்பர்கள் அறிந்தனவே. அந்நீரைத் துணியில் வடித்து மொண்டு கொடுத்தவர் அப்பத்தா. கலத்திற்கு நீர் போவதும் மீள்வதுமாகிய செய்தியை யாம் விளக்கக் கேட்டு, அவர் கூறியதாவது: ‘முற்றத்திலே விழுகிற தண்ணீரைத் தெருவுக்கு விடாத வீட்டிலே, வண்டித் தண்ணீரை மட்டும் இத்தனை வருஷம் தெருவிலே விட்டோமே, ஐயா!’ யாம் பக்கம் பக்கமாக எழுதியதனை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

ஆவணியில், அவர்தம் மற்றைக் கண்ணிற்கும் முறை வந்தது. அவ்வண்டியிலேயே சென்றோம்; ஓட்டியவர் எம் தந்தையார். வெப்பங்காட்டும் முள்ளையே நோக்கி, புதுக்கோட்டை வரையில் ஒருவரும் பேசவில்லை. முள் நடுவிலேயே நின்றது. ஐந்தாம் நாள் திரும்பும் வழியில், கண்ணாடி அணிந்திருந்த அப்பத்தா, ‘அதோ திருமயம் கோட்டை’ என்று எமக்கு முன் தாமே கண்டு கூறினார். வண்டியை விலை பேசியவர்க்கு எம் தந்தையார் அன்று மாலையே மறுமொழி அனுப்பிவிட்டார்.

தம்பியின் முன்கையில் அத்தழும்பு இன்றும் உளது. விடுமுறைதோறும் யாம் இல்லம் புகுந்தவுடன், முகப்பில் மிதியடியைக் கழற்றிவிட்டு முதலிற் செல்வது கொட்டகைக்கே. கலத்திற் கீறிய கோட்டைப் பார்ப்போம்; நீர் அவ்விடத்தே நிற்கும். எமக்கு முன்னரே எம் தந்தையார் வந்து பார்த்துச் சென்றமைக்கு அடையாளமாக, கலத்தின் மேல் தூசியிராது.