இரு மறுப்புகள்

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த கல்வி நகரம் ஆக்ஸ்போர்டு. பழங்கல்லூரிகளின் மதில்களை ஒட்டி மாணவர்கள் மிதிவண்டிகளில் விரைந்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், பத்து வயது மகளுடன் அந்நகரைக் காணச் சென்றேன்.

முதலில் கண்டது, 1602இல் திறக்கப்பட்ட போட்லியன் நூலகம். அங்குள்ள நூல்களை அங்கேயே அமர்ந்துதான் படிக்க வேண்டும். உள்நாட்டுப் போரின்போது இந்நகரில் தங்கியிருந்த மன்னர் முதலாம் சார்லஸ், 1645இல் ஒரு நூலை இரவல் கேட்டார். நூலகர் விதியைக் காட்டி மறுத்தார். மன்னரும் அதற்கு இணங்கினார்.

“ராஜா கேட்டுமா தரல, அப்பா?” என வியந்தாள் மகள்.

1774 முதல் இயங்கிவரும் கூரைச் சந்தையில் பசியாறினோம். அடுமனை, இறைச்சிக்கடை, பூக்கடை என அங்கே மணங்கள் பல கலந்திருந்தன. பின்னர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். நுழைவுக் கட்டணம் இல்லை. அழிந்துபோன டோடோ பறவையின் உருவத்தைவிட்டு மகள் நகரவே இல்லை.

மாலையில் அவளிடம் மற்றொரு செய்தியையும் கூறினேன். 1879 முதல் பெண்கள் இந்நகரில் விடுதிகளில் தங்கிப் பயின்றனர், தேர்வும் எழுதினர். ஆயினும் பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டம் வழங்கியது 1920இல்தான்.

“படிச்சவங்களுக்கு ஏன் தரல?” என்றாள்.

மன்னருக்கு மறுத்தது, நூல் எல்லார்க்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. பெண்களுக்கு மறுத்தது, பட்டம் சிலருக்கே உரியது என்பதற்காக. ஒரே ஊரில் நிகழ்ந்த இவ்விரு மறுப்புகளையும் வேறுபடுத்திக் காணும் அறிவே கல்வி தர வேண்டிய அறிவு.