எல்லாக் கையும் ஒரு கையா?

தோட்டத்துக் கிராணியாகிய எனக்கு எண்களே உலகம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவேன். “ஆள் 42” என்று செக்ரோலில் எழுதுவேன். எவர் வந்தார் என்பதன்று, எத்தனை பேர் வந்தனர் என்பதே என் கணக்கு.

சில ஆண்டுகளுக்கு முன், முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய அம்மையார் ஒருவரைப் புல்வெட்டுக்கு மாற்றி, அவர் நிரைக்குப் புதிய இளைஞன் ஒருவனை அனுப்பினேன். ஆள் கணக்குக் குறையவில்லை, பாலும் குறையவில்லை. ஆனால், உளி ஆழப் பாய்ந்து மரங்கள் காயமுற்றன. புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக எழும்பிற்று. “ஏன் கிராணி ஐயா, எல்லாக் கையும் ஒரு கையா?” என்று அவ்வம்மையார் கேட்டார். நாணித் தலைகுனிந்தேன்.

இதே கேள்வியை அறிவியலாரும் கேட்டுள்ளனர் என்பதை அண்மையில் படித்தேன். நம் உயிரணுக்களில் ரைபோசோம் என்னும் நுண்ணிய பட்டறைகள் இலட்சக்கணக்கில் உள. ஒவ்வொன்றும் 4 ஆர்.என்.ஏ. இழைகளும் ஏறத்தாழ 80 புரதங்களும் கூடியது. மரபணு விடுக்கும் ஓலையைப் படித்து அதன்படி புரதம் செய்வதே அதன் தொழில். அவை யாவும் ஓரச்சில் வார்த்தவை, எவ்வோலையையும் வேறுபாடின்றிப் படிப்பவை என்றே நெடுங்காலம் கருதினர்.

2011-இல் மரியா பார்னா அம்மையாரின் குழுவினர், ஆர்.பி.எல். 38 என்னும் ஒரே ரைபோசோம் புரதத்தின் மரபணு பழுதுற்ற எலிகளை ஆராய்ந்தனர். மொத்தப் புரத உற்பத்தி குறையவில்லை! ஆயின், உடலில் எவ்வுறுப்பு எவ்விடத்தில் அமைதல் வேண்டும் என வகுக்கும் ஹாக்ஸ் ஓலைகளுட் சில மட்டும் சரிவரப் படிக்கப்படவில்லை. வால் குறுகிற்று; முதுகெலும்பின் ஒழுங்கு நிலைமாறிற்று. எலியின் கருமூல உயிரணுக்களில், சில புரதங்கள் எல்லா ரைபோசோம்களிலும் இடம்பெறுவதில்லை என்பதையும் 2017-இல் அக்குழுவினர் காட்டினர்.

எண்ணிக்கை வீண் என்று நான் கூறவில்லை. ரைபோசோம் புரத மரபணுக்கள் கெடுவதால் குழந்தைகளைத் தாக்கும் டயமண்ட்-பிளாக்ஃபான் இரத்தசோகையில், ரைபோசோம்களின் தொகை குறைவதே கேட்டுக்குக் காரணம் என 2018-இல் ஓர் ஆய்வு உரைத்தது. வகையா, தொகையா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.

என் வழக்கு அன்றே தீர்ந்தது. அவ்வம்மையாரை மறுமாதமே பழைய நிரைக்கு அனுப்பினேன். மரங்களின் முடிச்சுகளோ இன்றும் மறையவில்லை. தோழர்களே, நாளையும் செக்ரோலில் எண்ணைத்தான் எழுதுவேன். அதற்கே எனக்குச் சம்பளம். ஆயினும், பெயர் கூப்பிடுகையில் இப்பொழுதெல்லாம் தலைநிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன்.