ஜீரோ ஃபில்

நாமக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் நான். 2012 தொடக்கத்தில் ஒரு முட்டை வியாபாரியின் கணக்கு முழுவதையும் அழித்தேன். பழி வேறொருத்தி மேல் விழுந்தது. விழட்டும் என்று விட்டேன்.

அவருடைய பழைய ஹார்ட் டிஸ்க்கில் உரசல் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். ஆனால் காலம் சரியில்லை. 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் ஆலைகள் மூழ்கின. வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. இங்கே விலை எகிறிவிட்டது. அதனால் கடையில் கிடந்த, ஏற்கெனவே ஓடிய 80 ஜிபி டிஸ்க் ஒன்றைக் கொடுத்தேன். "புதுசு மாதிரிதானுங்க" என்றேன். அதுவே அரைப் பொய். பழையதும் 80 ஜிபி. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்.

கணக்கு எழுதும் பெண் மோகனூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். சிபியூவை நான் கழற்றும்போது கேட்டாள்: "ஏனுங்ணா, டேலியை மட்டும் முதல்ல பென் டிரைவுல எடுத்து வெச்சுக்கலாமுங்களா?" சிரித்தேன். "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா அம்மிணி?" என்றேன். சில நிமிட வேலைதான். அவள் சொல்லி நான் செய்வதா என்ற திமிர்.

அப்போது எங்கள் தொழிலில் டிஸ்க்கை காப்பி செய்ய நார்ட்டன் கோஸ்ட் சாஃப்ட்வேர்தான். எதிலிருந்து என்று முதலில் கேட்கும். எதற்கு என்று அடுத்துக் கேட்கும். திரையில் இரண்டு வரிகள், இரண்டிலும் ஒரே அளவு. எந்த டிஸ்க் எந்த கேபிளில் இருக்கிறது என்று குனிந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அடுத்த திரையில் டேட்டா எவ்வளவு என்றும் காட்டியது. படிக்கவில்லை. எழுதப்படும் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழியும், தொடரலாமா என்று கடைசியாகக் கேட்டது. பழகிய கை எஸ் அழுத்தியது.

சீக்கிரமே முடிந்துவிட்டது. பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டேன். பல வருடக் கணக்கும் விண்டோஸும் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. காலி டிஸ்க்தான் ஏறும். காலியானதை எடுத்து, நிரம்பியதன் மேல் எழுதியிருந்தேன்.

இதுவரை சொன்னது கவனக்குறைவு. இனிமேல் சொல்வதை நான் தெரிந்தே செய்தேன்.

காலி டிஸ்க்கை காப்பி செய்யும்போது கோஸ்ட் மொத்த இடத்தையும் துடைப்பதில்லை. இருக்கிற கொஞ்சத்தைத்தான் எழுதும். அந்தப் பெண் டேலி பேக்கப்பை தினமும் டி டிரைவில் எடுத்து வைத்திருந்தாள். சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு கூறுகள். டிஸ்க் போனால் இரண்டும் போகும். பேக்கப்பை அங்கே வைக்கச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். ஆனால் அன்று அந்த டி அநேகமாக அப்படியே அடியில் கிடந்தது. உடனே கரண்டை நிறுத்தி, வேறு மெஷினில் மாட்டி, ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டியிருந்தால் பெரும்பகுதி கிடைத்திருக்கும். அந்த சாஃப்ட்வேர் என் சிடி பையிலேயே இருந்தது.

ஓட்டவில்லை. அதற்கு நேரம் பிடிக்கும். ஏன் தாமதம் என்று கேட்பார். டிஸ்க்கை சேலத்துக்குக் கொண்டுபோய் வேறு யாரிடமாவது காட்டினால், தொழில் தெரிந்தவன் பார்த்த உடனே சொல்லிவிடுவான். ஊர் சிரிக்கும். அந்தப் பயத்தில் ஜீரோ ஃபில் ஓட்டினேன். டிஸ்க்கின் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வெறும் பூஜ்ஜியமாக எழுதுவது அது. அதற்குப் பிறகு எவராலும் எதையும் எடுக்க முடியாது. ஓடி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நிறுத்த நேரம் இருந்தது.

மறுநாள் அவரிடம் சொன்னேன்: "டிஸ்க் ஏற்கெனவே போயிருந்துச்சுங்க. ஒண்ணும் எடுக்க முடியல."

"நேத்து சாயந்திரம் வரைக்கும் ஓடுச்சுங்களே" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். "பேக்கப்பை வெளியில எடுத்து வெச்சிருக்கணுமுங்க" என்றேன். அவர் பார்வை அவள் பக்கம் திரும்பியது. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் எனக்கு மன்னிப்பில்லை.

முட்டைக்கு நிலையான விலை கிடையாது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை அடிக்கடி மாறும். லோடு ஏறிய தேதி தெரிந்தால்தான் அதன் விலை தெரியும். கேரளத்துக் கடைக்காரர்கள் பலர் கடனுக்கு எடுப்பவர்கள். பில் புத்தகத்தின் கார்பன் நகல்களைப் பார்த்து அவள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினாள். மார்ச் முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசி பஸ்வரை உட்கார்ந்தாள். சில நகல்களில் எழுத்தே தெரியவில்லை. நாணயமானவர்கள் தங்கள் பாக்கியைத் தாங்களே சொன்னார்கள். மற்றவர்கள் பாக்கியே இல்லை என்றார்கள். வராத பணத்தில் ஒரு பகுதியை வியாபாரி அவள் சம்பளத்தில் பிடித்தார். ஆடிட் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டாள்.

நான் சர்வீஸ் சார்ஜ் வாங்கினேன். நான் கொடுத்த அந்த ஓடிய டிஸ்க்குக்கும் காசு வாங்கினேன்.

அவர் இன்றும் என் வாடிக்கையாளர். சமீபத்தில் எஸ்எஸ்டி மாற்றக் கூப்பிட்டார். கணக்குக்குப் புதிதாக வந்திருக்கும் பையனிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "அண்ணன் சொல்றபடி கேட்டுக்கப்பா. முன்னாடி ஒரு பொண்ணு பேக்கப் எடுக்காம மொத்தத்தையும் தொலைச்சுட்டுப் போயிருச்சு."

பையன் என்னைப் பார்த்தான். "ஆமாப்பா" என்றேன்.