வகாலத்தும் பவர் பத்திரமும்

வக்கீல் என்ற சொல்லைத் தமிழர் அனைவரும் அறிவர். அஃது அரபுச் சொல் என்பதையும், நீதிமன்றத்தில் வாதாடுபவர் என்பதனினும் விரிந்த பொருளுடையது என்பதையும் அறிந்தோர் சிலரே. தம் காரியத்தைப் பிறர் ஒருவரிடம் ஒப்படைப்பது வகாலத், ஏற்பவர் வகீல். பழைய பத்திரங்களில் காணப்படும் முக்தியார் நாமாவும் இந்த இனத்ததே. இன்று நம் ஊர்களில் இதற்குப் 'பவர்' என்று பெயர். பெயர் சுருங்கிற்று, அதன் வீச்சோ சுருங்கவில்லை.

நாம் ஓதிய ஃபிக்ஹு நூல்களில் வகாலத்திற்கென்று தனிப் பாடமே உண்டு. குகைத் தோழர்கள் தம்முள் ஒருவரை வெள்ளிக் காசுடன் உணவு வாங்கிவர நகருக்கு அனுப்பிய செய்தியை அதற்கு ஆதாரமாகக் காட்டுவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உர்வா (ரலி) என்ற தோழரிடம் ஒரு தீனாரைக் கொடுத்து ஆடு வாங்கிவரச் சொன்னார்கள். அவர் இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, மற்ற ஆட்டையும் அந்தத் தீனாரையும் கொண்டுவந்து சேர்த்தார். நாயகம் அவர்கள் அவருக்காக துஆச் செய்தார்கள். இந்த ஒரு நிகழ்ச்சியை வைத்து இமாம்கள் நிகழ்த்திய ஆய்வு சுவை மிக்கது. சொல்லாததைச் செய்தாரே, அந்த விற்பனை செல்லுமா? உரியவர் பின்னர் ஒப்பினால் செல்லும் என்பர் ஹனஃபீகள். ஷாஃபியீகளின் வலுவான கருத்தோ, அனுமதியின்றிச் செய்த விற்பனை அடியோடு செல்லாது என்பது. சிறிதும் பெரிதுமான எல்லாக் காரியங்களையும் பொதுப்பட ஒருவரிடம் ஒப்படைப்பதையும் அவர்கள் ஏற்பதில்லை. எதைக் கொடுத்தோம் என்பது கொடுத்தவருக்கே தெரியாத ஒப்படைப்பு அது.

சென்ற ஆண்டு கோலியனூர்க் கூட்டுரோட்டை அடுத்த சிற்றூரிலிருந்து விதவைத் தாய் ஒருவர் நம்மிடம் வந்தார். பிள்ளைகள் இருவரும் வளைகுடாவில். கையில் ஆறு பக்கப் பத்திரம். “ஹஜ்ரத், வரி கட்டவும் பட்டா மாற்றவும்தான் கொழுந்தனார் மகன் கேட்கிறான். கையெழுத்துப் போடலாமா?” என்றார். படித்தோம். வரியும் பட்டாவும் அதில் இருந்தன. அவற்றையடுத்து விற்க, அடமானம் வைக்க, தொகையைத் தாமே பெற்றுக்கொள்ள, வேண்டியபோது வேறொருவரை நியமிக்க என்று வரிசை நீண்டது. அவர் பெயரில் உள்ள எல்லாச் சொத்துகளுக்கும் அது பொருந்தும்.

அந்த இளைஞர் தீயவர் என நாம் கருதவில்லை. பத்திர எழுத்தர் வழக்கமான படிவத்தை எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த அம்மையாரின் தயக்கம் வேறு. “இதை மாற்றச் சொன்னால், என் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்பானே!” என்றார். நம் குடும்பங்களில் எத்தனையோ நிலங்கள் இந்த ஒரு கேள்விக்கு அஞ்சியே கைமாறியுள்ளன. ஃபிக்ஹின் பார்வையில் வகீல் ஓர் அமீன். வரம்பு மீறாமலும் அலட்சியம் இல்லாமலும் நடந்தவரிடம் நட்டஈடு கேட்க இயலாது. எல்லை எழுதப்பட்டிருந்தால்தானே அதை மீறவில்லை என்று அவரால் காட்ட முடியும்? இதனை அந்த இளைஞரிடமே எடுத்துரைத்தோம். சற்று முகம் வாடினார், பின்னர் இசைந்தார். ஒரே புல எண், வரி, பட்டா மாறுதல், இவ்வளவே என்று சிறப்பு அதிகார ஆவணமாக எழுதி முடித்தனர்.

சட்டத்தின் நிலையையும் சிறிது காண்போம். தமிழ்நாட்டில் அசையாச் சொத்து பற்றிய அதிகார ஆவணத்தை 2012 திருத்தத்திற்குப் பின் கட்டாயம் பதிவு செய்தல் வேண்டும். பவரை மட்டும் வாங்கிக்கொண்டு நிலத்தை வாங்கிவிட்டதாக எண்ணுவோர் இன்னும் உளர். அவ்வாறு உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் தீர்த்துவிட்டது. வெளிநாட்டிலிருப்போர் உறவினருக்குக் கொடுக்கும் உண்மையான பவரை அத்தீர்ப்பு தொடவில்லை.

கொடுத்தவர் இறந்தாலும் புத்தி பேதலித்தாலும் பவர் முடிவுறும். இதில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் ஃபிக்ஹும் ஒன்றே. ஆகவே முதுமையில் நினைவு தவறினால் பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று பவர் எழுதுவோர், அது வேண்டிய வேளையில்தான் பயனற்றுப்போகும் என்பதை உணரவேண்டும். ஒரு விலக்கும் உண்டு. அந்தச் சொத்தில் முகவருக்கே பாத்தியதை இருக்குமாயின், அப்பாத்தியதைக்குக் கேடு வரும்படி பவரை முறிக்க இயலாது என்கிறது அச்சட்டத்தின் 202ஆம் பிரிவு. பணம் வாங்கிக்கொண்டு பவர் எழுதித் தருவோர் இதனை இருமுறை படிப்பது நலம்.

ரத்து செய்யும் வகையில் ஒரு வியப்பு. நீக்கிய செய்தி வகீலுக்கு எட்டும்வரை அவர் செய்தது செல்லும் என்பது ஹனஃபீ சட்டம். நீக்கிய கணமே முடிந்தது என்பது ஷாஃபியீகளின் ஏற்புடைய கருத்து. இந்தியச் சட்டம் இதில் ஹனஃபீகளோடு நிற்கிறது. வெளியாரைப் பொறுத்தவரை, அவர்களுக்குத் தெரியும்போதுதான் அது முடிவுறும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. எனவே ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்து பெட்டியில் பூட்டினால் போதாது. முகவருக்குத் தபாலில் அனுப்பி, அவரிடம் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்தவேண்டும். நிலத்தை விலை பேசி வருவோர் எவரேனும் தெரிந்தால் அவர்களுக்கும் எழுதிவிடவேண்டும்.