கை ஓரிடம், கண் ஓரிடம்

விளையாட்டு வீரர்களின் முழங்காலையும் தோளையுமே தம் தொழிலாகக் கொண்டு மதுரையில் இருக்கும் எலும்பு வைத்தியர் ஒருவரிடம், ஒரு நாள் முழுவதும் உடன் நின்று பார்க்க அனுமதி வேண்டும் என்று நான் கேட்டபோது, ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றுமா என்று விசாரித்துவிட்டு, அதிகம் காண நேராது என்று தாமே சமாதானமும் சொன்னார்.

அன்று மேஜைமேல் கிடந்தவன் 19 வயதுக் கபடி வீரன். இரண்டு மாதங்களுக்கு முன் பாடிப் போனவன், எதிராளி எவனும் தொடாமலே, ஊன்றிய கால் மண்ணில் நிற்க உடம்பை மட்டும் சட்டென்று திருப்பிய கணத்தில், முட்டிக்குள் 'பட்'டென்று ஏதோ அறுந்த சத்தத்தோடு விழுந்தானாம். ஊர்க் கட்டு வைத்தியர் போட்ட கட்டோடு மூன்று வாரம் கிடந்தான், வீக்கம் வடிந்தது, ஆனால் வரப்பில் திரும்பும்போதெல்லாம் முட்டி வழுக்கிற்று. கட்டு வைத்தியரைப் பற்றி டாக்டர் ஒரு சொல்லும் இழிவாகப் பேசவில்லை. எலும்பு முறிந்தால் அங்கே ரத்தம் உறைந்து, அதன்மேல் புதிய எலும்பு வளரும். அசையாமல் கட்டி வைப்பது அதற்கு உபகாரம். தொடை எலும்பையும் கால் எலும்பையும் மூட்டின் நடுவே சாய்வாகப் பிணைத்து, கீழெலும்பு முன்னே நழுவாமல் காக்கும் ஜவ்வோ, சதா மூட்டுநீரில் நனைந்துகொண்டிருப்பதால், அறுந்த முனைகளுக்கிடையே ரத்தம் உறைந்து நிற்க வழியின்றி, எத்தனை மாதம் கட்டினாலும் பெரும்பாலும் கூடுவதில்லை.

ஜவ்வு அறுந்திருப்பதைக் கண்டுபிடிக்க அவர் முதலில் நம்புவது தம் இரண்டு கைகளையே. முட்டியைச் சிறிதே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் காலை முன்னே இழுக்கிறார். ஜவ்வு இருந்தால் ஓரிடத்தில் 'டக்'கென்று நிற்கும், இல்லையேல் இழுத்த மட்டும் வரும். பிலடெல்பியாவில் ஜான் லாக்மன் என்பவர் கற்றுக்கொடுத்த இந்தப் பரீட்சையை, அவருடைய சிஷ்யர் ஜோசப் டோர்க் 1976-இல் எழுதி வெளியிட்டபோது, குருவின் பெயரையே அதற்கு இட்டார்.

முழங்காலின் முன்புறம் பொத்தான் துளை அளவில் இரண்டு கீறல்கள். ஒன்றின் வழியே 4 மில்லிமீட்டர் பருமனுள்ள குழல் விளக்கோடு உள்ளே சென்றது. உப்புநீர் பாய்ந்து மூட்டை விரித்தது. எதிரேயிருந்த திரையில் வெள்ளை வெளேரென்று ஒரு குகை தோன்றிற்று. முதுகில் மட்டும் மயக்க ஊசி போடப்பட்டு விழித்திருந்த பையன், 'சார், இது என் முட்டியா?' என்றான். 'உன்னோடதுதான் தம்பி. அந்தா கிழிஞ்ச நூல் மாதிரி ஆடுது பாரு, அதுதான் ஜவ்வு' என்றார் டாக்டர், காலைப் பாராமலே. கை ஓரிடத்திலும் கண் வேறிடத்திலுமாக அவர் வேலை செய்வதைக் காண எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

குழலால் மூட்டுக்குள் பார்க்கும் இந்த வித்தை வளர்ந்த இடம் ஜப்பான். காசநோயால் முழங்கால் விறைத்துப் போவது, தரையில் மண்டியிட்டு அமரும் அம்மக்களுக்குப் பெரிய விபத்து. ஆகவே டோக்கியோவில் கெஞ்சி தகாகி 1918-இல், மூத்திரப்பையைப் பார்க்கும் குழலைப் பிணம் ஒன்றின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் மாணவர் மசாகி வதனபே 1962-இல் அக்குழலின் துணையால் கிழிந்த குருத்தெலும்பை வெட்டியெடுத்தார். சம்மணமிட்டு உண்ணும் நமக்கு அந்தக் கவலை எளிதில் விளங்கும்.

ஆனால் என் மனம் லயித்தது திரையிலன்று, மூலையிலிருந்த சிறு மேஜையில். அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகப் பொருத்த, முட்டிக்குக் கீழே உட்புறம் ஒரு கீறல் வழியாக, தொடையின் பின்புறத்துத் தசைநார்கள் இரண்டை, வளையம் போன்ற ஆயுதத்தால் உருவி எடுத்திருந்தார்கள்; ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளம். இளம் டாக்டர் ஒருவர் அவற்றை ஈரத்துணிமேல் கிடத்தி, ஒட்டியிருந்த சதையைச் சுரண்டியெடுத்து, இரண்டாக மடித்து நாலு புரியாக்கி, முனைகளைச் சாட்டை பின்னுவது போல் நூலால் சுற்றித் தைத்தார். பிறகு துளைகளிட்ட ஓர் அளவுத் தகட்டில் ஒவ்வொரு துளையாக நுழைத்துப் பார்த்து, 'எட்டு, சார்' என்று குரல் கொடுத்தார். அந்த எட்டு மில்லிமீட்டர் அளவுக்கே டாக்டர் எலும்புகளைத் துளைத்தார். தச்சர் கழுந்தைச் செதுக்கிவிட்டுத் துளையை அதற்கிசைய வெட்டுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நார் தரையில் விழுந்தால் என்ன செய்வது என்ற பயம் ஒன்றைத் தவிர.

தோளின் வேலையை அன்று நான் காணவில்லை. அதன் கிண்ணம் ஆழமற்றது. கை எல்லாப் பக்கமும் சுழல்வது அதனால்தான், கழன்று விடுவதும் அதனால்தான். ஒரு முறை கழன்ற தோள் திரும்பத் திரும்பக் கழல்வதற்குக் கிண்ணத்தின் விளிம்பு கிழிவதே காரணம் என்று லண்டனில் பேங்கார்ட் என்ற வைத்தியர் 1923-இல் எழுதினார். அதை மீண்டும் எலும்போடு தைப்பதே இன்றும் சிகிச்சை.

மாலையில் வெளிநோயாளிகள். 'நாலாவது மாசந்தான் எனக்குப் பயம்' என்றார் டாக்டர். பொருத்திய நார் முதலில் உயிரற்ற கயிறு. அதற்குள் ரத்தக்குழாய்கள் புகுந்து அது ஜவ்வாக மாறும் காலத்தில் பலம் குன்றுகிறது. வலி மறைவதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். ஒன்பது மாதத்துக்குமுன் ஆடுகளம் கூடாது என்பது அவர் கட்டளை.

நாலாவது மாதத்துப் பையன் ஒருவன் தகப்பனாரோடு வந்து அமர்ந்தான். 'வீட்டுலதான் டாக்டர் இருக்கான், பயிற்சி மட்டும் செய்யறான்' என்றார் பெரியவர். டாக்டர் முட்டியைத் தொடவில்லை. பாதத்தை மெல்லத் தூக்கிப் பெருவிரல் நகத்தைப் பார்த்தார். நகக்கண்ணில் செம்மண் அடைந்திருந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.