திண்டுக்கல் மலையும் ஒரு 'நடுநிலை'யும்

திண்டுக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிரியாணிக் கடை எங்கே என்று விசாரிப்பீர்கள். தப்பில்லை. ஆனால், மலைக்கோட்டையை முதலில் ஏறிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஏற முடியாது சார்!

திண்டு மாதிரி கிடக்கிற ஒற்றைப் பாறை. 1605-ல் மதுரை நாயக்கர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டை. பாறையிலேயே வெட்டிய படிகளில் மூச்சு வாங்க மேலே போனால், ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் தூரத்தில் கொடைக்கானல் மலை, நடுவே தீப்பெட்டி தீப்பெட்டியாக ஊர்.

1755-ல் மைசூர் சார்பில் இங்கே ஃபவுஜ்தாராக வந்தவர் ஹைதர் அலி. எழுதப் படிக்கத் தெரியாதவர். பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கே ஆயுதச் சாலையே நடத்தினார். அப்புறம் மைசூருக்கே எஜமானன் ஆகி, 1769-ல் மெட்ராஸ் வாசலில் குதிரைப்படையோடு போய் நின்றார். வெலவெலத்துப்போன கிழக்கிந்தியக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. யாராவது தாக்கினால் ஒருத்தருக்கொருத்தர் உதவ வேண்டும்!

அடுத்த வருஷமே மராட்டியர் மைசூர் மேல் பாய்ந்தார்கள். ஹைதர் உதவி கேட்டார். கம்பெனியோ, 'நாங்க எந்தப் பக்கமும் இல்லை' என்று இருந்துவிட்டது. மானேஜர் நம்மைக் காய்ச்சும்போது ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வாரே பக்கத்து சீட் நண்பர், அதே நடுநிலைதான். காலையில்தான் நம்ம காசில் டிபன் சாப்பிட்டிருப்பார்!

ஹைதர் மறக்கவில்லை. 1780-ல் பெரும்படையோடு இறங்கி, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையைச் சுருட்டினார். அந்தச் சண்டையில் இந்தக் கோட்டையும் பந்தாடப்பட்டது. 1783-ல் கம்பெனி பிடித்தது, 1784-ல் திருப்பிக் கொடுத்தது, 1790-ல் மறுபடி பிடித்தது, 1792-ல் ஒரேயடியாக எடுத்துக்கொண்டது.

அதே காலத்தில் அமெரிக்கர்களும் இங்கிலீஷ்காரனோடுதான் மல்லுக்கு நின்றார்கள். 1782-ல் பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்குப் பெயரே 'ஹைதர் அலி'! நம்ம திண்டுக்கல் ஃபவுஜ்தார் எங்கே போய் மிதந்தார் பாருங்கள்.

அவர்களுக்குக் கைகொடுத்தது பிரான்ஸ். 1778-லேயே நட்பு ஒப்பந்தம் ஆகியிருந்தது. 1793-ல் பிரான்ஸ் இங்கிலாந்தோடு மோதியபோது? ஜனாதிபதி வாஷிங்டன், 'இரு தரப்போடும் நட்பு, யார் பக்கமும் சாயமாட்டோம்' என்று அறிக்கை விட்டார். ஜெஃபர்சன் ஆட்சேபித்ததால் 'நடுநிலை' என்ற வார்த்தை மட்டும் அதில் கிடையாது. நிதி மந்திரி ஹாமில்டன் இன்னும் கெட்டிக்காரர். ஒப்பந்தம் போட்ட ராஜாவின் தலையைத்தான் பிரெஞ்சுக்காரர்களே வெட்டிவிட்டார்களே, அந்தக் காகிதம் இப்போது நம்மைக் கட்டுப்படுத்துமா என்று கேட்டார்.

அமெரிக்காவை மன்னித்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தலைக்கு மேல் கடன், சொந்தமாகக் கப்பற்படைகூடக் கிடையாது. ஐரோப்பியச் சண்டைக்குள் கால் வைத்தால் நாடே முழுகிவிடும். அப்படி ஒதுங்கியும் சும்மா விடவில்லை. 1798 முதல் 1800 வரை, பழைய சிநேகிதன் பிரான்ஸோடேயே கடலில் சண்டை.

கம்பெனிக்கு அந்தச் சாக்கு எதுவும் கிடையாது. படை இருந்தது, கப்பல் இருந்தது, கையெழுத்தின் மை காய்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.