கசாப்புத் தெருவில் ஒரு புனிதை

இங்கிலாந்து நாட்டின் வடபால் உள்ள யார்க் என்னும் பழம்பெரும் நகருக்கு நான் சென்ற அன்று, அங்கே காண வேண்டியவற்றை என் மகள் ஒரு நீண்ட பட்டியலாக எழுதித் தந்தாள். லீட்ஸ் நகரில் செவிலியாகப் பணிபுரியும் அவளுக்கு அன்று விடுப்பு இல்லை. ஆகவே பதின்மூன்று வயதுப் பேத்தியை எனக்குத் துணையாக அனுப்பினாள். துணைக்காக மட்டும் அன்று. அவ்வாண்டு உறுதிபூசுதல் பெறப் போவதில்லை என்று பேத்தி பிடிவாதமாக இருந்தாள். "நீங்கள் சொன்னால் கேட்பாள், அம்மா" என்று மகள் என்னிடம் தனியே கூறியிருந்தாள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் மறைக்கல்வி போதித்தவள் நான். சொல்ல வேண்டியவற்றை மனத்துள் வரிசைப்படுத்திக்கொண்டே இரயிலில் ஏறினேன். அரை மணிக்குள் யார்க் வந்துவிட்டது.

நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் கோட்டை மதில் கண்ணில் படுகிறது. இரண்டு மைலுக்குச் சற்று மிகுதியாக நீளும் அம்மதிலின்மேல் எவரும் கட்டணமின்றி நடக்கலாம். முழங்கால் வலி இல்லாதவர்கள் முழுவதும் நடக்கட்டும். நான் மின்ஸ்டர் பேராலயத்தின் கோபுரங்கள் தெரியும் பகுதியோடு நிறுத்திக்கொண்டேன்.

நம் முன்னோரான கத்தோலிக்கர் எழுப்பிய அப்பேராலயம் இன்று ஆங்கிலிக்கன் பேராயரின் தலைமைக் கோவில். சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. செபிக்க வருவோரிடம் கேட்பதில்லை. அதன் கீழ்த்திசைப் பெருஞ்சாளரத்தை ஜான் தார்ன்டன் என்னும் கலைஞர் 1405 முதல் 1408 வரை உழைத்து முடித்தார். உலகத்தின் படைப்பும் முடிவும் வண்ணக் கண்ணாடியில் அங்கே விரிகின்றன. 1984-ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று தென்புறப் பகுதி தீப்பற்றிக் கூரை சரிந்தபோது, அங்குள்ள ரோஜாச் சாளரம் எண்ணற்ற விரிசல் கண்டும் உதிராமல் நின்றது. நான் அண்ணாந்து நின்றேன். பேத்தி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இங்கே பேச்சைத் தொடங்கலாமா என்று எண்ணினேன். கூட்டம் மிகுதியாக இருந்தது.

அடுத்து 'ஷாம்பிள்ஸ்' எனப்படும் குறுகிய சந்துக்கு வந்தோம். முற்காலத்தில் அது கசாப்புக்காரர் தெரு. இருபுறத்து மர வீடுகளின் மேல்தளங்கள் ஒன்றையொன்று தொட்டுவிடுவனபோல் முன்னே சாய்ந்து நிற்கின்றன. இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் சில கடைகளின் முகப்பில் இன்னும் உள்ளன. ஆனால் இறைச்சிக் கடை ஒன்றும் இப்போது இல்லை. மந்திரக்கோல் விற்கும் கடைகளின் முன்னே வரிசை நீண்டிருக்கிறது. அந்நெருக்கடியின் நடுவே 35-ஆம் எண் வீட்டின் கீழறையில் புனித மார்கரெட் கிளித்ரோவுக்கு ஒரு சிறு செபக்கூடம். சில விசுப்பலகைகள், ஒரு பீடம். புனிதை உண்மையில் வாழ்ந்த வீடு எதிர்ச்சாரியில் இருந்ததென்று பின்னால் ஆராய்ந்து கண்டனர். வீட்டு எண் பிழைபட்டதனால் செபம் வழிதவறுவதில்லை என்றே எண்ணுகிறேன்.

அங்கே அமர்ந்து பேத்திக்கு அவ்வரலாற்றைச் சொன்னேன். மார்கரெட் கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் மனைவி. திருமணத்துக்குப் பின்னரே கத்தோலிக்க மறையைத் தழுவினார். அரசி எலிசபெத்தின் ஆட்சியில், குருக்களுக்கு இடமளிப்போருக்கு மரண தண்டனை என்று 1585-இல் சட்டம் பிறந்தது. மார்கரெட் தம் வீட்டில் குருக்களை ஒளித்து வைத்துத் திருப்பலி நடக்கச் செய்தார். 1586 மார்ச் மாதம் காவலர் வீட்டைச் சோதித்தனர். அங்கு இருந்த ஓர் அயல்நாட்டுச் சிறுவனை அச்சுறுத்தி, மறைவிடத்தை அறிந்துகொண்டனர். நீதிமன்றத்தில் அவர் குற்றவாளி என்றோ அல்லள் என்றோ விடையளிக்க மறுத்துவிட்டார். விசாரணை நடந்தால் தம் பிள்ளைகளே சாட்சி சொல்ல நேருமே என்பது அவரது கவலை. விடை கூறாதாரைப் பாரத்தின் கீழ் நசுக்கிக் கொல்வது அன்றைய சட்டம். மார்ச் 25, மங்களவார்த்தைத் திருநாள் அன்று, தம் வீட்டுக் கதவையே மேலே வைத்து அதன்மேல் பாரம் ஏற்றினர். அவருக்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும். திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1970-ஆம் ஆண்டு அவரை இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் நாற்பது மறைசாட்சிகளுள் ஒருவராகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

"பிள்ளைகள் தாயில்லாமல் போவார்களே, அம்மாச்சி. அதை அவர் நினைக்கவில்லையா?" என்றாள் பேத்தி.

வகுப்பறையில் இக்கதையைப் பன்முறை சொல்லியிருக்கிறேன். எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. கேட்க நான் இடமளிக்கவில்லை என்பதே சரி. "நினைத்திருப்பார்" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

"அவர் கணவரும் கத்தோலிக்கரா?"

இல்லை. ஜான் கிளித்ரோ இறுதிவரை அரசாங்கச் சபையிலேயே இருந்தார். மனைவி அக்கோவிலுக்குச் செல்ல மறுத்ததற்காக அபராதங்களைக் கட்டிவந்தார். இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மனத்துள் அடுக்கி வைத்திருந்த என் அறிவுரைகள் ஒவ்வொன்றாகக் கலையத் தொடங்கின.

வழியில் கிளிஃபோர்டு கோபுரத்தைக் கண்டோம். 1190-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கலகக் கூட்டத்துக்கு அஞ்சி அவ்விடத்துக் கோட்டையில் அடைக்கலம் புகுந்த யூதர் ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். பலர் தம் கையாலேயே உயிர் துறந்தனர். சூழ்ந்து நின்றவர்கள் கிறிஸ்தவர்கள். நம்மவர் பட்ட பாட்டை மட்டும் பேத்திக்குச் சொல்லி இதை விட்டுச் செல்வது நேர்மையன்று என்று தோன்றியது. அதையும் சொன்னேன்.

மார்கரெட் உயிர்நீத்தது ஊஸ் ஆற்றுப் பாலத்தருகே. இன்றுள்ள பாலம் பிற்காலத்தது. அவர் நினைவாக ஒரு கல்வெட்டு உண்டு, தேடினால்தான் தெரியும். பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

அங்கிருந்து மிக்கிள்கேட் சாலை ஏறி, மதில் வாயிலுக்கு அப்பால் உள்ள பார் கன்னியர் மடத்துக்குச் சென்றோம். 1686-இல் மேரி வார்டு அன்னையின் சகோதரிகள் தொடங்கிய இம்மடமே இங்கிலாந்தில் இன்றும் வாழும் கத்தோலிக்க மடங்களுள் மிகப் பழையது. 1769-இல் எழுப்பிய ஆலயத்தின் குவிமாடம் தெருவிலிருந்து தெரியாதபடி சாதாரண ஓட்டுக்கூரையால் மூடப்பட்டிருக்கிறது. தப்பி ஓட எட்டு வாயில்கள், குரு ஒளிந்துகொள்ளத் தரைக்கடியில் ஒரு குழி. அயர்லாந்தில் லொரேட்டோ கன்னியரை நிறுவிய அன்னை தெரேசா பால் இங்கே கல்வி பயின்றவர். நம் கல்கத்தா அன்னை தெரேசா முதலில் சேர்ந்தது அந்த லொரேட்டோ சபையில்தான். இவ்வாலயத்தில் மார்கரெட்டின் கை ஒன்று கண்ணாடிப் பேழைக்குள் காக்கப்படுகிறது. சிறிய கை. பேத்தி கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள்.

இறப்பதற்கு முன் அவர் தம் தொப்பியைக் கணவருக்கும், காலணிகளையும் காலுறைகளையும் மகள் ஆனுக்கும் அனுப்பினார் என்று சொன்னேன். ஆனுக்கு அப்போது ஏறத்தாழப் பன்னிரண்டு வயது. பிற்காலத்தில் அவள் லூவேன் நகரில் கன்னியாகத் துறவு பூண்டாள்.

திரும்பும் இரயிலில் நெடுநேரம் சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, "அம்மாவின் காலணி ஆனுக்குப் பெரிதாக இருந்திருக்கும், இல்லையா?" என்று கேட்டாள்.

"இருந்திருக்கும்" என்றேன்.

இரவு பணி முடிந்து வந்த மகள், "பேசினீர்களா, அம்மா?" என்றாள். உறுதிபூசுதலைப் பற்றிப் பேசவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவள் முகம் வாடிற்று. அடுத்த ஞாயிறு மூவரும் திருப்பலிக்குச் சென்றோம். பேத்தி வழக்கம்போல் கடைசி வரிசையில் அமர்ந்தாள். நானும் அங்கேயே அமர்ந்தேன்.